கறண்ட் மெசினுக்குக் காசு சேர்க்க முதல்

கரடியனாறு, உறுகாமம், கித்துள், மரப்பாலம், இலுப்படிச்சேனை, பன்குடாவெளிப் பக்கத்து விவசாய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும், வட்டவிதானைமாருக்கும், கூலிக்கு எண்ணெய் (பூச்சிமருந்து) அடிக்கப் போகும் தம்பிமாருக்கும்,



முதுகில் மாட்டிக்கொண்டு பற்றரியில் ஓடும் 'நிலைமின்' தெளிகருவிகளின் விளம்பரம் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும். துளிக்குக் கறண்ட் ஏற்றி அனுப்புமாம். துளி தானே இலையைத் தேடிப் போய் ஒட்டுமாம். இலையின் அடிப்பக்கத்திலும் ஒட்டுமாம். மருந்து பாதி போதுமாம். இதில் ஒன்றையும் முழுப்பொய் என்று தள்ள முடியாது. ஆனால் எந்தத் திரவத்துக்கு, எந்தப் பயிரில், எந்தப் பூச்சிக்கு என்ற மூன்று கேள்விக்கும் விளம்பரத்தில் பதில் இல்லை. அமைப்பின் பொதுக்காசில் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடுவோம் என்ற யோசனை உங்கள் கூட்டத்தில் எழுந்தால், கையைத் தூக்க முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2021 சித்திரையில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இனி இறக்குமதி இல்லை என்று சொன்னார்கள். அதே வருடம் கார்த்திகையில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் போன போகத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் ரூபாய் விழுந்தது, மருந்துப் போத்தலின் விலை ஏறியது. ஏக்கருக்கு எட்டு, பத்துத் தாங்கி அடிக்கிற இடத்தில் பாதி போதும் என்று ஒருவன் சொன்னால் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். எனக்கும் திரும்பியது. அதனால்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். அதில் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி நாற்பது வருடத்துக்கு மேல் பழையது.

1979இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி 'எலெக்ட்ரோடைன்' என்றொரு தெளிகருவியை அறிமுகப்படுத்தியது. ரொனால்ட் கொஃபி என்பவருடைய கண்டுபிடிப்பு. கையில் பிடிக்கும் ஒரு தடி, அதற்குள் நான்கு டோர்ச் பற்றரி, அந்தச் சிறு மின்னை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும் ஒரு சுற்று, அவ்வளவுதான். பம்பு இல்லை, மோட்டார் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. தடியின் நுனியில் மருந்துப் போத்தலைத் தலைகீழாகத் திருகிவிட வேண்டும். போத்தலும் மூக்கும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டவை. மருந்து தன் பாரத்தால் மெல்ல இறங்கி மூக்கின் வட்டப் பிளவுக்கு வரும். மின்னேற்றம் இல்லாவிட்டால் அது அங்கே சொட்டிக்கொண்டு நிற்கும். ஆளியைப் போட்டதும் விளிம்பு முழுவதும் இடியப்ப உரலுக்குக் கீழே நிற்பதுபோல் நூல் நூலாக இழுபடும். ஒரே வகை ஏற்றம் பெற்ற நூல்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சம இடைவெளி விட்டு நிற்கும். ஒவ்வொரு நூலும் நுனியில் உடைந்து, ஏறக்குறைய ஒரே அளவான துளிகளாகப் பறக்கும்.

அந்தத் துளிகள் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு. ஹெக்டேயருக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரைதான் செலவு. நம்முடைய கைமெசினில் நூற்றுக்கணக்கான லீற்றர் போகிறது. கணக்கைப் பார்த்தால் வியப்பு அடங்கும்: ஒரு லீற்றரை மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குத் துளிகளாக உடைத்தால் 190 கோடி துளி வரும். அதை ஒரு ஹெக்டேயரில் சமமாக விரித்தால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் நிலத்துக்கும் 19 துளி. துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது. மருந்தை மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி இந்தச் சிறு துளியின் வேலை. சிறு துளியைக் காற்று அள்ளிப் போகாமல் செடியை நோக்கி இழுப்பதுதான் மின்னேற்றத்தின் வேலை.

ஆபிரிக்காவின் பருத்தி, காராமணிப் பயிர்களில் இந்தத் தடி ஓடியது. தண்ணீர் சுமக்கத் தேவையில்லாத கருவி என்பதால் வரண்ட நிலத்துக்காரனுக்கு அது பெரிய உதவி. மருந்தை அளந்து கலக்கும் வேலை இல்லாததால் கையில் நஞ்சு படுவதும் குறைந்தது. அதே காலத்தில் அது நம் பக்கம் வந்திருந்தாலும் நிலைத்திருக்காது. யுத்த காலத்தில் கறுப்புப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டி டோர்ச் பற்றரியும் யூரியாவும் மண்ணெண்ணெயும் கொண்டுவரப் பட்ட பாட்டை உங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எலெக்ட்ரோடைன் இன்று சந்தையில் இல்லை. அது ஏன் போனது என்பதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. அந்தக் கருவிக்குள் எந்த மருந்தையும் ஊற்ற முடியாது. அதற்கென்றே எண்ணெயில் தயாரித்து, அதற்கென்றே வார்த்த போத்தலில் அடைத்த மருந்து மட்டும்தான். விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்துகளே அப்படி வந்தன. பூச்சி மாறினால், பயிர் மாறினால், கடையில் அந்தப் போத்தல் இல்லாவிட்டால் தடி வெறும் தடி. கம்பனிக்காரன் பேராசையால் மட்டும் அப்படிச் செய்தான் என்று சொல்ல மாட்டேன். திரவத்தின் குணமே அப்படி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பாடம் போலிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திரவத்துக்கு வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், ஏற்றம் அதன் உடம்புக்குள் நகர்ந்து மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்த ஏற்றம் ஒன்றையொன்று தள்ளும்; திரவத்தின் தோல் போன்ற பரப்பிழுவை அதை அடக்கப் பார்க்கும். தள்ளுதல் வென்றால் பரப்பு கூம்பாகக் கூர்ந்து நுனியில் நூலாக உடையும். ஒரு துளி எவ்வளவு ஏற்றத்தைத் தாங்கும் என்று ரேலி பிரபு 1882இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 பாகை என்று ஜி.ஐ. டெய்லர் 1964இல் காட்டினார். ஆனால் இரண்டு கணக்குக்கும் முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது: ஏற்றம் மேற்பரப்புக்கு வந்து சேர நேரம் வேண்டும்.

அந்த நேரம் திரவத்துக்குத் திரவம் நம்ப முடியாத அளவு வேறுபடும். நம் கிணற்றுத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன; ஒரு செக்கனைக் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெயில் பதினெட்டுச் செக்கன் வரை ஆகலாம். சமையல் எண்ணெய்கள் இதைவிட வேகம். ஆனாலும் தண்ணீரின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இப்படி மின்னை உள்ளே நகரவிடாத திரவங்களைத்தான் காவலித் திரவங்கள் என்கிறோம். மின்மாற்றிக்குள் எண்ணெய் ஊற்றி வைப்பது இந்தக் குணத்துக்காகவும்தான். நம் தேங்காயெண்ணெயை அந்த வேலைக்கு எடுக்கலாமா என்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தும் இருக்கிறார்கள்.

இனி மெசினுக்கு வருவோம். இன்று முதுகில் மாட்ட விற்கப்படும் நிலைமின் தெளிகருவிகளில் அநேகமானவை தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்து எட்வேர்ட் லோ 1970களில் வளர்த்தெடுத்த தூண்டல் முறைதான் இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. சண்டிகாரில் உள்ள இந்திய அரசின் விஞ்ஞானக் கருவி ஆய்வு நிறுவனமும் இந்த வகைக் கருவி செய்தது. கொரோனா வந்த 2020இல் அதையே கிருமிநீக்கம் தெளிக்கத் திருப்பிவிட்டார்கள். இந்த முறையில் தாங்கியும் திரவமும் மண்ணோடு தொடுத்தபடி நிற்கும். மூக்கின் வாயில் ஒரு வளையம் இருக்கும், மின்னழுத்தம் அதற்குத்தான். திரவம் வளையத்தைக் கடக்கும் கண நேரத்தில் எதிர் ஏற்றம் கீழிருந்து ஓடிவந்து துளியோடு பிரிந்து போகும். தண்ணீருக்கு அந்தக் கணம் தாராளம். எண்ணெய்க்குப் போதாது.

ஆக, இந்த மெசினுக்குள் வெறும் வேப்பெண்ணெயையோ வேறு எண்ணெய் மருந்தையோ தண்ணீர் சேராமல் ஊற்றினால், விளக்கு எரியும், பம்பு இரையும், துளியும் வரும். துளியில் சொல்லத்தக்க ஏற்றம் இராது. நீங்கள் அடித்தது சாதாரண எண்ணெய்தான், காசு மட்டும் கறண்டுக்குப் போயிருக்கும். அதே வேப்பெண்ணெயைச் சவர்க்காரம் சேர்த்துத் தண்ணீரில் பால்போலக் கலக்கி ஊற்றினால் கதை வேறு. அங்கே எண்ணெய்ப் பொட்டுகளைச் சுற்றி நிற்பது தண்ணீர். ஏற்றம் அதன் வழியே ஓடிவிடும். கடையில் வாங்கும் 'ஈ.சி.' மருந்துகளைத் தண்ணீரில் கலக்கும்போது வெள்ளையாவதும் இதே சங்கதி. ஒருவன் உங்களிடம் இந்த மெசினைக் காட்ட வந்தால், முதல் கேள்வியாக, "தண்ணி மருந்துக்கா, எண்ணெய் மருந்துக்கா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் என்று கண்ணிமைக்காமல் சொல்கிறவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

காவலித் திரவத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கொஃபி செய்தது ஒரு வழி: எண்ணெயோடு வேறு கரைப்பான்களைச் சேர்த்து, முழுக் காவலியும் இல்லாமல் நல்ல கடத்தியும் இல்லாமல் நடுவில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, அதை மெல்ல வழியவிட்டார். அதனால்தான் அவருடைய போத்தலுக்குள் வேறு மருந்து போகவில்லை. இன்னொரு வழியை ஆர்னல்ட் கெல்லி என்ற அமெரிக்கர் 1980களில் காட்டினார். மூக்குக்கு உள்ளேயே ஓர் ஊசியை நிறுத்தி, அதன் கூர் நுனியிலிருந்து ஏற்றத்தை நேரே திரவத்துக்குள் செலுத்துவது. உள்ளே போன ஏற்றம் மெல்லத்தான் நகரும் என்பதால் தப்பி ஓட நேரமில்லாமல் ஓட்டத்தோடு வெளியே வந்துவிடும். எண்ணெயின் சோம்பலையே பலமாக்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது எரிபொருளை நுண்ணிதாக உடைத்து எரிக்கும் ஆய்வுகளில்தான் அதிகம் பேசப்பட்டது. நம் வரம்புக்கு வரவில்லை.

இதெல்லாம் திரவத்தின் கதை. பயிரின் கதை இன்னும் முக்கியம்.

ஏற்றம் பெற்ற துளி எங்கே போகும்? மண்ணோடு தொடுப்புள்ள, தனக்கு மிகக் கிட்ட இருக்கிற பொருளுக்கு. வேர் தண்ணீருக்குள் நிற்கும் நெல் நல்ல புவித்தொடுப்புள்ள பயிர்தான். ஆனால் கிட்ட இருப்பது அதன் மேல் இலை. மின்புலத்தின் கோடுகள் மேல் இலைகளிலேயே முடிந்துவிடும். அடர்ந்த பயிரின் உள்ளே புலம் அநேகமாக இல்லை. ஆகவே துளிகள் மேலே பளிச்சென்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். போதாததற்கு நெல்லின் இலை நுனி கூரானது. கூர் நுனியிலிருந்து எதிர் ஏற்றம் காற்றில் கசிந்து, வருகிற துளியின் ஏற்றத்தை வழியிலேயே குறைத்துவிடவும் கூடும்.

நீங்கள் பயந்து பயந்து எண்ணெய் அடிப்பது எந்தப் பூச்சிக்கு? அறக்கொட்டிக்கு. விவசாயத் திணைக்களக்காரர் கபிலநிறத் தத்தி என்பார்கள். குடலைப் பருவத்தில் ஒரு நெற்பற்றையை இரண்டு கையாலும் விரித்துப் பாருங்கள். மேல் இலையில் ஒன்றும் இராது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடையில், இலையுறை தண்டைச் சுற்றும் இடத்தில், தலையை மேலே வைத்து வரிசையாக ஒட்டியிருக்கும். கை பட்டால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கத்துக்குப் போகும். வெயில் படாத, காற்றோட்டம் இல்லாத இடம் அதற்கு வேண்டும். அதனால்தான் விவசாயப் போதனாசிரியர்மார், பயிரைப் பிரித்துவிட்டு அடித்தண்டில் படும்படி அடியுங்கள் என்று தொண்டை வரளச் சொல்கிறார்கள். மேல் இலையில் மருந்தை நிறுத்திவைக்கும் ஒரு கருவி அறக்கொட்டிக்கு ஒன்றும் செய்யாது. அதைத் தின்ன மேலே அலையும் சிலந்தியைக் கொல்லும். சிலந்தி செத்த வயலில் அறக்கொட்டி பெருகும் என்பது இந்தத் தீவு முழுவதும் கண்ட அனுபவம்.

ஆகவே என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன்: அறக்கொட்டியை நினைத்து நெல் வட்டைக்கு இந்த மெசினை வாங்க வேண்டாம். இப்போது பரவும் ட்ரோனுக்கும் இதே அடித்தண்டுக் கேள்வி உண்டு, ஆனால் அது வேறு மடலுக்குரியது.

மேட்டுநிலப் பயிர் என்றால் நான் அவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். மிளகாய்ச் செடி தனித்தனியே நிற்கிறது, அதன் பூச்சிகளில் பல இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. கத்தரி, வெண்டி, பயற்றைக்கும் அப்படித்தான். இங்கே துளி வளைந்து போய் அடிப்பக்கத்தில் ஒட்டுவது உண்மையான இலாபம். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் சிறு துளியைக் காற்று கொண்டுபோகாமல் ஓரளவு பிடித்துவைக்கவும் கறண்ட் உதவும். ஓரளவுதான், காற்று பலத்தால் எந்த ஏற்றமும் தோற்கும்.

எண்ணெய் அடிக்கும் தம்பிமாரே, இந்தப் பகுதி உங்களுக்கு. "என்ன கா, கறண்ட் அடிக்காதா?" என்று கேட்பீர்கள். மின்னோட்டம் மிகச் சிறியது. வீட்டுக் கறண்ட் போல ஆளைப் பிடித்துவைக்காது. ஆனால் துளி ஒரு வகை ஏற்றத்தைக் கொண்டு போனால், எதிர் ஏற்றம் மெசினோடு தங்கும். அது நிலத்துக்கு இறங்க வழி வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் நின்றால் உங்கள் உடம்பே வழி. றப்பர் சப்பாத்துப் போட்டு வரம்பில் நின்றால் வழி அடைபடும். பிறகு வேலிக் கம்பியைத் தொடும்போது சுள்ளென்று இருக்கும். அதற்காகச் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். நிலத்தில் இழுபடும் புவித்தொடுப்புக் கம்பியோடு வரும் மெசினா என்று பாருங்கள். கம்பி இடைஞ்சல் என்று வெட்டிவிடாதீர்கள். இன்னொன்று: மண்ணோடு தொடுப்புள்ள, மூக்குக்குக் கிட்ட நிற்கிற பொருளைத் துளி தேடும் என்றேன். பயிரை விட மூக்குக்குக் கிட்ட நீங்கள் நின்றால் அது உங்களைத்தான் தேடும். சாதாரண மெசினில் காற்றோடு போகும் துளி, இதில் திரும்பி உங்கள் கையிலும் முகத்திலும் ஒட்டக்கூடும். மெசினின் மூக்கைக் கை நீட்டிப் பிடித்து, பயிருக்குக் கிட்ட வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டாமல் குறுக்காக நடந்து அடியுங்கள். நீளக்கைச் சட்டையும் முகமூடியும் இதற்கு இன்னும் அவசியம்.

மண்ணெண்ணெய் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. கூட்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை வயலுக்குக் குறுக்கே இழுத்த பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த நினைவில் இந்த மெசினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்க்க யாராவது நினைப்பான். காவலித் திரவம் குழாய்க்குள் ஓடும்போது தானாகவே ஏற்றம் சேர்க்கும், சேர்த்ததை விடாது. எரிபொருள் தாங்கி வண்டிகளை இறக்க முன் நிலத்தோடு கம்பி தொடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட், முன்னால் மண்ணெண்ணெய்ப் புகார், முதுகில் தாங்கி. 2010 புரட்டாதி 17ஆம் திகதி கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வெடிமருந்து வெடித்து உயிர்கள் போன ஊரில் நின்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகும் மேட்டுநிலக்காரர் சேர்ந்து ஒன்று வாங்க விரும்பினால், விற்பவரை வயலுக்குக் கூப்பிடுங்கள். மண்டபத்தில் காட்டுவதில் பிரயோசனம் இல்லை. நீருணர் தாள் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் இருக்கிறது; தண்ணீர்த் துளி பட்ட இடம் நீலமாகும். போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே எடுக்கலாம் என்று சொல்வார். மூன்று இடத்தில் செருகுங்கள்: மேல் இலையின் மேற்பக்கம், நடு இலையின் அடிப்பக்கம், தண்டின் அடி. ஒரு வரிசையை மின்னாளியைப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள், அடுத்த வரிசையை ஆளியை நிறுத்தி அதே மெசினால் அடிக்கச் சொல்லுங்கள். தாங்கியில் வெறும் தண்ணீர் போதும். பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆளி போட்ட வரிசையின் அடிப்பக்கத் தாளில் புள்ளி கூடியிருந்தால் மெசின் சொன்னதைச் செய்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால், உங்களிடமிருக்கும் கைமெசினுக்கு நல்ல மூக்கு ஒன்று வாங்கிப் போடுவது மலிவு. எண்ணெய் மருந்துக்கு இந்தத் தாள் உதவாது, அது தண்ணீரை மட்டும்தான் காட்டும். எண்ணெய்க்கு வேறு தாள் உண்டு, அதையும் விற்பவரே கொண்டுவரட்டும்.

அதே வயலில் மூக்கின் வளையத்தை நனைத்துவிட்டு இன்னொருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மார்கழி மழையிலும் காலைப் பனியிலும் வளையமும் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கும் ஈரமானால் மின் அதன் வழியே கசிந்து போய்விடும். துடைத்துக் காயவைக்கும்வரை அது சாதாரண மெசின்தான். துடைப்பது யார், எந்தத் துணியால், உதிரிப்பாகம் மட்டக்களப்பில் கிடைக்குமா கொழும்புக்குப் போக வேண்டுமா என்பதெல்லாம் வாடகைக்கு விடப்போகும் அமைப்பு முதலிலேயே பேச வேண்டிய சங்கதி.

கடைசியாகப் பொருளாளர்மாருக்கு. வாங்கும் தீர்மானத்தை எழுதும்போது ஒரு வரியைச் சேருங்கள்: இந்தக் கருவியில் கமநல சேவை நிலையப் பகுதியின் எந்தக் கடையிலும் கிடைக்கும், பதிவுசெய்யப்பட்ட எந்தத் தண்ணீர்க் கலவை மருந்தையும் பாவிக்க முடியும் என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும். அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட அவர் தயங்கினால் காசைப் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் ஏதாவது ஒரு மிளகாய்த் தோட்டத்தில் இந்தத் தாள் சோதனையை வைப்பீர்களானால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். வந்து தாள்களைச் செருகித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்த,
படுவான்கரையில் இரண்டு ஏக்கர் செய்யும் ஓர் ஆசிரியர்